ஒரு பக்கம், இரண்டு வாடகைக்காரர்

பதினெட்டுப் பேர் உட்காரும் மினிபஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்தி, பயணிகளை உள்ளேயே விட்டுவிட்டு, ஷாயிர்குல் மாடிப்படி ஏறி வந்தாள்.

பிஷ்கெக்கில், ஓஷ் பஜாருக்குப் பின்பக்கம், இறைச்சி வாட்டும் கடை ஒன்றின் மேல்மாடியில்தான் பெர்மெத்தின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. தேடி வருகிறவர்கள் பாதிப் பேர் புகையில் இருமிக்கொண்டே வருவார்கள். மீதிப் பேருக்குப் பசி எடுத்துவிடும். ஷாயிர்குல் இருமவும் இல்லை, கீழே திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாற்பத்தேழு வயது, அகன்ற தோள், வண்டி ஓட்டிக் காய்த்துப் போன கை. அந்தக் கையால் கதவைத் தள்ளியதில் சுவரில் இருந்த நாள்காட்டி கழன்று விழுந்தது.

"துப்பறியறவர் யாரு?"

பெர்மெத்தின் உதவியாளன் சுயுன் நாள்காட்டியை எடுத்து மாட்டினான். "அவங்க. நான் சும்மா இங்க அழகுக்காக இருக்கேன்."

ஷாயிர்குல் அவனுடைய மீசையைப் பார்த்தாள். "அழகு கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு."

சுயுனுக்கு அவளைப் பிடித்துப்போனது. பன்னிரண்டு வருடம் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசித்தவன் அவன். பதிலுக்குப் பதில் சொல்கிறவர்கள் என்றால் உயிர்.

பெர்மெத் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் கணினிகளைப் பராமரித்தே இருபது வருடம் கழித்தவள். மனிதர்களைவிட இயந்திரங்கள் குறைவாகப் பொய் சொல்லும் என்பது அவள் அனுபவம். அதனால் மனிதர்களைப் பற்றித் தெரிய வேண்டியதை எல்லாம் அவள் இயந்திரங்களிடம் கேட்டுக்கொள்வாள்.

"உங்கள எனக்குத் தெரியும்," என்றாள். "எதிர்ப்பாட்டுப் போட்டியில நாலு சனிக்கிழமையா ஜெயிச்சிட்டு வர்றீங்க. இன்னிக்கு இறுதிச் சுற்று."

"நாலு மணிக்கு. ஆனா மூணே முக்காலுக்குள்ள என் மேல தப்பில்லன்னு நிரூபிக்கணுமாம். இல்லன்னா மேடையிலயே என் பேரை அடிச்சுடுவாங்களாம்."

கொமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கொடுத்த தலைப்பில் அங்கேயே பாட்டுக் கட்டிச் சண்டை போடுவது அந்தப் போட்டி. தலைப்புகள் மொத்தம் இருநூறு. எல்லாம் விழாக் கையேட்டிலேயே அச்சாகி ஊருக்கே தெரிந்தவை. அதில் அன்றைய தலைப்பு எது என்பதுதான் ரகசியம். மூன்று மணிக்கு ஒரு கணினி அதைக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும். நாலு மணிக்கு அரங்கத்தின் பெரிய திரையில் காட்டும். நடுவில் அந்த ஒரு மணி நேரம் மனிதக் கண் ஒன்றும் அதைப் பார்க்காது.

"தலைப்பு எனக்கு முன்னாடியே தெரியும்னு திங்கக்கிழமை ஜோல்போர்ஸ்ங்கறவன் விழாக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துட்டான்," என்றாள் ஷாயிர்குல். "இன்னிக்கு என் எதிராளி அவன்தான். நான் மூச்சு விடாம பதில் பாடறேனாம். அதுதான் சாட்சியாம். ஏன் அக்கா, இருபது வருஷம் ஏழாம் நம்பர் ரூட்ல வண்டி ஓட்டறவளுக்கு வாயில என்ன தடை? ஒரு நாளைக்கு முந்நூறு பேர் ஏறறான். முந்நூறு பேரும் ஏதோ ஒண்ணு சொல்றான். பதில் சொல்லியே வளர்ந்த நாக்கு இது."

"நடுவுல யோசிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டான் சுயுன்.

"சிக்னல்ல யோசிப்பேன்."

"குழுவுல உங்களுக்காகப் பேச யாரும் இல்லையா?" என்றாள் பெர்மெத்.

"தலைவி நாஸிரா கறார். தொகுப்பாளர் அகில்பெக் அண்ணன் ஒருத்தர்தான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசினார்." அவள் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. "தோத்தா பரவால்ல அக்கா. திருடின்னு பேர் வாங்கிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் திங்கக்கிழமை வண்டி எடுக்கறது? அந்த முந்நூறு பேரும் என்னதான பார்ப்பான்?"

கீழேயிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. பயணி யாரோ ஓட்டுநர் இருக்கைக்கே போய்விட்டார்.

பெர்மெத் எழுந்து கோட்டை மாட்டினாள். "அந்தக் கணினி எங்க இருக்கு?"

"பழைய துணி மில்லுல, அடித்தளத்துல. ஏழாம் நம்பர் ரூட்தான். ஏறுங்க."

பயணிகளில் ஒருவர்கூட இறங்கிப் போயிருக்கவில்லை. துப்பறிகிறவர்கள் ஏறியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், தங்கள் நிறுத்தம் வந்தபோதும் இரண்டு பேர் இறங்கவில்லை.

மில்லின் அடித்தளத்தில் நாற்பது கணினிகள் தேனீக்கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தன. அவற்றின் காவலர் கென்னாடி ஸ்டெபானிச், காதுவரை கம்பளிக் குல்லா இழுத்து, ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு அவர்களை வாசலிலேயே மறித்தார்.

"பெர்மெத் அசனோவ்னா, நீங்க அனுமதி கேட்டத நாஸிரா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. விழாக் குழுவோட அறையை மட்டும் பாக்கலாம். மத்த வாடகைக்காரங்க அறையைத் திறக்கச் சொன்னீங்கன்னா வந்த வழியே போயிடுங்க."

"அறையா?" கென்னாடி காட்டிய கணினியைப் பார்த்தான் சுயுன். "எனக்கு ஒரு இரும்புப் பெட்டிதான் தெரியுது."

"பெட்டி ஒண்ணுதான். உள்ள நாலு வாடகைக்காரங்க. தனித்தனித் தடுப்பு. இந்தப் பெட்டி முழுக்க நம்மளோடதுன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

"என் கல்யாண வாழ்க்கையும் அப்படித்தான் இருந்துது."

கென்னாடி திரையில் ஒரு சின்னப் பட்டியலைக் கொண்டுவந்தார். பெர்மெத் குனிந்து பார்த்தாள். சுயுன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். எண்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரெண்டு புரோகிராம்," என்றாள் பெர்மெத். "ஒண்ணு குலுக்கும். இன்னொண்ணு அரங்கத்துத் திரையில காட்டும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. பொதுவா ஒரு துண்டு மெமரி இருக்கு, பலகை மாதிரி. குலுக்கறவன் அதுல எழுதிட்டு நிறுத்திக்குவான். காட்டறவன் நாலு மணிக்கு அதைப் படிப்பான். அந்தப் பலகையை யார் தொடலாம், யார் தொடக்கூடாதுன்னு முடிவு பண்றது கெர்னல்."

"கெர்னல் யாரு?"

"பெட்டிக்குள்ள இருக்கிற அதிகாரி. அது சம்மதிக்காம எந்தப் புரோகிராமும் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது."

"லஞ்சம் வாங்குவாரா?"

"மாட்டார். யார் யார் பலகையைப் பிடிச்சிருக்காங்க, கடைசியா எப்ப பிடிச்சாங்க, எப்ப விட்டாங்க, எல்லாம் குறிச்சு வைப்பார்." அவள் விரல் ஒரு எண்ணில் நின்றது. "பிடிச்சிருக்கறவங்க ரெண்டு பேர். நாலு சனிக்கிழமைப் பதிவையும் பாத்துட்டேன். ரெண்டே ரெண்டு. மூணாவது கை படவே இல்ல."

"அப்ப திருட்டே நடக்கல," என்றார் கென்னாடி மார்பை நிமிர்த்தி. "நான்தான் சொன்னேனே. என் பெட்டியில ஈ கூட நுழையாது."

சுயுன் கடிகாரத்தைப் பார்த்தான். திருட்டு நடக்கவில்லை என்று நிரூபித்தால் குழு நம்பாது. யார் திருடினார்கள் என்று காட்டினால்தான் ஷாயிர்குல் தப்புவாள். மணி பன்னிரண்டரை.

பெர்மெத் கோட்டுப் பையிலிருந்து விதைகளை எடுத்தாள். கென்னாடி முறைத்ததும் திரும்ப உள்ளே போட்டாள். பிறகு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"கென்னாடி ஸ்டெபானிச், இதுல முப்பத்திரண்டு ஜி.பி. மெமரின்னு போட்டிருக்கு. நாலு பேருக்கும் நீங்க வாடகைக்கு விட்டிருக்கறதக் கூட்டினா நாப்பத்தெட்டு வருது."

கென்னாடியின் முகத்தில், பக்குவம் கேட்கப்பட்ட நல்ல சமையல்காரனின் வெட்கம் வந்தது. "அது ஒரு வித்தை. கெர்னல் ஓய்வா இருக்கறப்ப எல்லா அறையையும் ஒரு சுத்து சுத்திப் பாக்கும். மெமரிய அது பக்கம் பக்கமாத்தான் வச்சிருக்கு. ரெண்டு அறையில ஒரே பக்கம், எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்துச்சுன்னு வைங்க. எதுக்கு ரெண்டு? ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சமிருக்கிற ஒண்ணையே ரெண்டு பேருக்கும் காட்டும். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"ஒருத்தர் அந்தப் பக்கத்துல ஏதாவது மாத்தி எழுதினா?"

"உடனே ஒரு நகல் எடுத்து, எழுதினவர் கையில தனியா கொடுத்துடும். அடுத்தவரோடது அப்படியே இருக்கும். ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. பாதுகாப்பு நூத்துக்கு நூறு."

"நகல் எடுக்க நேரம் ஆகும்ல?"

"கண்ணு சிமிட்டற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்கு."

"ஆனா ஆகும்," என்றாள் பெர்மெத்.

அவள் குரலில் வந்த மாற்றம் சுயுனுக்குப் பழக்கமானது. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக் கதவு திறந்ததும் விருந்தாளிகளின் முகம் மாறுமே, அது.

"இப்படி ஒட்ட வச்ச பக்கம் எத்தனைன்னு கெர்னல் கணக்கு வச்சிருக்குமே. விழாக் குழு அறையோட கணக்கை மட்டும் காட்டுங்க. நாலு வாரத்துக்கும்."

கோடு ஒன்று திரையில் ஓடியது. இருநூற்றுப் பன்னிரண்டு. திங்கள், செவ்வாய், புதன், எல்லா நாளும் அதே இருநூற்றுப் பன்னிரண்டு. சனிக்கிழமை மாலை மூன்று இருபதுக்கு மட்டும் இருநூற்றுப் பதின்மூன்று. மூன்று நாற்பதுக்கு மறுபடி பன்னிரண்டு. நாலு சனிக்கிழமையும் அப்படியே.

கென்னாடியின் கோப்பை சாய்ந்து தேநீர் செருப்பில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"எனக்கும் யாராவது சொல்லுங்கப்பா," என்றான் சுயுன்.

பெர்மெத் அவனைப் பார்த்துத் திரும்பினாள். அவள் கண் மின்னியது. "கையேட்டுல இருநூறு தலைப்பு. ஒருத்தன் தன் சொந்த அறையில உக்காந்து இருநூறு பக்கம் எழுதறான். ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்பு. குலுக்கற புரோகிராம் எப்படி எழுதுமோ, அச்சு அசல் அப்படியே. எழுதி வச்சிட்டுச் சும்மா இருக்கான். மூணு மணிக்கு இங்க குலுக்கறாங்க. கெர்னல் சுத்தி வருது. இங்க பலகையில இருக்கறதும் அவன் எழுதின இருநூறுல ஒண்ணும் ஒரே மாதிரி. என்ன பண்ணும்?"

"ஒட்ட வைக்கும்."

"இருபது நிமிஷம் கழிச்சு அவன் தன்னோட இருநூறு பக்கத்துலயும் ஒவ்வொரு புள்ளி வைக்கறான். ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளக்கறான். நூத்தித் தொண்ணூத்தொம்பது பக்கம் சட்டுனு முடியுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கொஞ்சம் தாமதம். ஏன்னா கெர்னல் அதுக்கு மட்டும் நகல் எடுக்க வேண்டியிருந்தது."

சுயுன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "அப்ப அவன் பலகையை எட்டிக்கூடப் பாக்கல. லஞ்சம் வாங்காத அதிகாரிகிட்ட இருநூறு கேள்வி கேட்டிருக்கான். அவர் ஒண்ணுக்கு மட்டும் தொண்டையைக் கனைச்சிருக்கார்."

"அதேதான்."

"அக்கா, இவன நான் பிடிக்க மாட்டேன். இவன் கையில முத்தம் குடுப்பேன்."

கென்னாடி சுவிட்சை நோக்கி ஓடினார். "இந்த வித்தையை இப்பவே அணைக்கறேன்."

"கைய வச்சீங்கன்னா விரலை ஒடிச்சுடுவேன்," என்றாள் பெர்மெத் அமைதியாக. "இன்னொரு அறையிலயும் அதே நேரத்துல கணக்கு ஒண்ணு ஏறியிருக்குமே. எந்த அறை?"

கென்னாடி பார்த்தார். "நாலாம் நம்பர். ஆனா பேர் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம்."

"பேர் வேண்டாம். என்ன தொழில்?"

"கல்யாண வாழ்த்துப்பா எழுதி விக்கற தளம்."

சுயுன் தொடையில் தட்டினான். "ஜோல்போர்ஸ். போன மாசம்கூட ஒரு கல்யாணத்துல பாடினான், நான் பாத்தேன். தானே திருடிட்டு அந்தம்மா மேல பழியைப் போட்டிருக்கான். அவன் இல்லன்னா என் மீசையை எடுத்துடறேன்."

"இந்த ஊர்ல கல்யாணத்துல பாடாதவன் யாரு?" பெர்மெத் திரையில் தலைப்புப் பக்கத்தின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாரு. விழாவோட பேர்ல ஒரு கிர்கிஸ் எழுத்துக்கு நடுக்கோடு விட்டுப்போயிருக்கு. புரோகிராம் எழுதினவங்க செஞ்ச பிழை. நம்ம ஆளும் அதே பிழையோட எழுதினாத்தான் பக்கம் ஒட்டும். அப்ப அவன்கிட்ட இந்தப் புரோகிராமோட ஒத்திகைப் பிரதி இருக்கு. அது யார் யாருக்குப் போச்சு?"

நாஸிராவைத் தொலைபேசியில் கேட்டார்கள். போட்டியாளர்கள், ஒலிக்காரர்கள், மேடைக்காரர்கள் என்று பதினொரு பேர். ஷாயிர்குலுக்கும் ஒன்று போயிருந்தது.

"பதினொரு பேர்," என்றான் சுயுன். "மூணு மணி நேரம். சாப்பாடு இல்லாம முடியாது."

மூலைக் கடையில் லக்மான் நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் வந்தது. சுயுன் தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு பெர்மெத்தின் கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டான். பெர்மெத் கைப்பேசியில் நாலு வாரப் போட்டிப் பதிவுகளையும் ஒலி இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்தாள்.

"பாட்டுப் போட்டிய சத்தமில்லாம பாக்கற ஒரே ஆளு நீங்கதான்."

"சத்தம் கவனத்தைக் கெடுக்குது."

"ஜோல்போர்ஸ் மூஞ்சியில என்ன தெரியுது?"

"சளி பிடிச்சிருக்கு."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நாஸிராவை மறுபடி அழைத்து வெகுநேரம் பேசினாள். எதிர்முனையில் கறாரான அந்தக் குரல் மெல்ல இளகி, கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப்போலக் களுக்கென்று சிரித்தது சுயுனுக்கே கேட்டது.

திட்டம் எளிமையானது. மூன்று மணிக்குக் கணினி குலுக்காது. பலகையில் கென்னாடியே ஒரு பொய்த் தலைப்பை எழுதி வைப்பார். உண்மைத் தலைப்பை நாலு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் நாஸிரா தன் கையால், ஒரு தொப்பிக்குள்ளிருந்து எடுப்பாள். கென்னாடி பலகையில் அதை மாற்றி எழுதியதும் திரைக்கு வரும். திருடன் பொய்யைத் தயாரித்துக்கொண்டு வந்து நிற்பான்.

"பொய்த் தலைப்பு எது?" என்று கென்னாடி கேட்டார்.

பெர்மெத் கையேட்டைச் சுயுனிடம் நீட்டினாள். அவன் இருநூறையும் படித்துவிட்டு, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு ஒன்றில் விரலை வைத்தான்.

கழுதை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அரங்கத்தில் எண்ணூறு பேர். வெள்ளைக் கல்பாக் தொப்பிகள் வரிசை வரிசையாக அசைந்தன. ஷாயிர்குல் மேடையில் கொமுசை மடியில் வைத்து, பிரேக்கில் கால் வைத்தவள்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரை அடிப்பதை நாஸிரா சுற்று முடியும்வரை தள்ளிப்போட்டிருந்தாள். எதிரே ஜோல்போர்ஸ், ஒல்லியான முப்பது வயது ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனுக்கு உண்மையிலேயே சளி.

சுயுனின் கைப்பேசி அதிர்ந்தது. கென்னாடி.

"மூணு இருபத்தொண்ணுக்குப் பதின்மூணு ஆச்சு. மூணு நாப்பதுக்குப் பன்னிரண்டு. தின்னுட்டான்."

"கழுதை உள்ள போயிடுச்சு," என்று சுயுன் பெர்மெத்தின் காதில் சொன்னான். அவனுக்குக் காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. ஜோல்போர்ஸின் உதடுகளையே பார்த்தான். கழுதைக்கு ஒத்திகை பார்க்கிற உதடு எப்படி அசையும் என்று யோசித்தான்.

மேடையின் முன்விளிம்புக்கு அகில்பெக் வந்தார். தங்க இழை கோட்டு, வெண்தாடி. இருபத்திரண்டு வருடமாக இந்த மேடையின் தொகுப்பாளர். திரையில் தலைப்பு விழுந்த அதே நொடியில், நாலு வரி வெண்கலக் குரலில் கட்டிச் சொல்வார். அதற்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு. அவர் இரு கைகளையும் விரித்தார். அரங்கம் அடங்கியது. அவருக்குப் பின்னால் திரை ஒளிர்ந்தது.

மாமியார்.

எண்ணூறு பேரும் ஒரே குரலில் 'ஓ' என்றார்கள். அந்த 'ஓ' அடங்கும் முன்னே அகில்பெக் முழங்கினார்:

"நாலு காலில் நடந்துவரும் நல்ல சுமைதாங்கி,
நடுச்சாமம் கத்தினாலோ ஊர்விழிக்கும் ஏங்கி;
காதிரண்டும் நீளமுண்டு, கால் உதையோ பாரம்,
கட்டிவைக்க மறந்துவிட்டால் போய்விடுமே தூரம்."

கூட்டம் திரையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு அரங்கம் வெடித்தது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். மருமகள்கள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கைதட்டல் தன் வாழ்நாளில் வாங்கியிராத அகில்பெக், மகிழ்ந்துபோய் இடக்கையை மார்பில் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது மூன்றாம் வரிசையில் தன் சொந்த மாமியார் வெள்ளை முக்காட்டோடு எழுந்து நிற்பதைப் பார்த்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அவர் திரும்பித் திரையைப் பார்த்தார்.

சுயுன் பெர்மெத்தைப் பார்த்தான். அவள் விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"சந்தேகம்தான். நாலு பதிவுலயும் பாத்தேன். தலைப்பு விழுந்ததும் எண்ணூறு கழுத்தும் திரைப்பக்கம் திரும்புது. ஷாயிர்குல் திரும்பறா, ஜோல்போர்ஸ் திரும்பறான். முதுகைக் காட்டி நிக்கற மனுசன் ஒருத்தர் மட்டும் திரும்பவே இல்ல. தலைப்பைப் படிக்காம எப்படிப் பாட்டு வரும்?"

"போட்டியில இருக்கறவனத்தான நான் தேடினேன்."

"எல்லாரும் அப்படித்தான் தேடினாங்க."

மேடையில் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏதோ சரியில்லை என்று கூட்டம் உணரத் தொடங்கியது. ஷாயிர்குல் திரையைப் பார்த்தாள், அகில்பெக்கைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குகள் கூடிவருவதைச் சுயுன் இருந்த இடத்திலிருந்தே பார்த்தான். அவள் விரல் கொமுசில் விழுந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பாடினாள்:

"மாமியார் ஆனாலும் கழுதையே ஆனாலும்
மேடையில் சொன்னசொல் மேடையில் நிற்கும்;
ஆறுநாள் என்தலையில் பழிவந்து விழுந்தபோது
ஆறுதல் தேநீர்தந்த அண்ணனே, சொல்லும்:
எழுத்தங்கே பாராமல் பாட்டிங்கே வந்ததே,
எங்கிருந்து வந்ததது? எனக்குமட்டும் சொல்லும்."

பாட்டில் கேட்டால் பாட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். அது அந்த மேடையின் சட்டம். அகில்பெக் வாயைத் திறந்தார். எண்ணூறு பேர் காத்திருந்தார்கள். அவர் மூடித் திறந்தார்.

"வரல," என்றார்.

ஒலிவாங்கி அதை அரங்கத்தின் கடைசி வரிசைவரை கொண்டு போனது.

"ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணும் வரல தங்கச்சி. மேடையில நின்னா தலைக்குள்ள காத்து அடிக்குது. வேற ஆள் போடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டர் தெரிஞ்ச மச்சினன், வாழ்த்துப்பா தளம் நடத்தறவன், ஒரு வழி இருக்குன்னான். நாலு வரிதானே, யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். யாருக்கும் நஷ்டமில்லாமத்தான் இருந்துது, உன் பேர் அடிபடறவரைக்கும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்."

அவர் தங்க இழை கோட்டைக் கழற்றி நாற்காலியில் மடித்துப் போட்டார். கோட்டில்லாமல் சின்ன மனிதராகத் தெரிந்தார். படியிறங்கி நடந்தபோது யாரும் கூச்சலிடவில்லை. மூன்றாம் வரிசையில் மாமியார் மட்டும் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் மகனை, கம்ப்யூட்டர் தெரிந்த அந்த மச்சினனை, கைப்பையால் நாலு சாத்து சாத்தினார். அரங்கத்துக்குச் சிரிப்பு திரும்ப வந்தது.

நாஸிரா மேடையேறி, ஷாயிர்குல் மீதிருந்த குற்றச்சாட்டு தள்ளுபடி என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாள். பிறகு கறாராக, "தலைப்பு மாமியார். ஆரம்பிங்க," என்றாள்.

ஆரம்பித்தார்கள். நாற்பது நிமிடம் போனது. சுயுன் எப்போது எழுந்து நின்றான் என்று அவனுக்கே தெரியாது. ஷாயிர்குல் மாமியாரை வண்டியில் ஏற்றினாள், ஜோல்போர்ஸ் இறக்கிவிட்டான். அவள் திட்டினாள், அவன் தும்மிவிட்டு அந்தத் தும்மலையே எதுகையாக்கினான். நடுவர்கள் ஐந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சீட்டு எழுதினார்கள். மூன்றுக்கு இரண்டு. ஜெயித்தவன் ஜோல்போர்ஸ்.

ஷாயிர்குல் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எதிரே நின்ற இளைஞனுக்குத்தான் சிரிப்பே வரவில்லை.

அரங்கத்துக்கு வெளியே அவள் வண்டியில் இருக்கைகள் நிரம்பிவிட்டன. சுயுனும் பெர்மெத்தும் பின்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுயுன் மீசையைத் தடவிக்கொண்டே அது நாளைக் காலைவரை இருக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தான். பெர்மெத் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். பரிசுக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜோல்போர்ஸ் நின்றான்.

"அக்கா, உங்க மேல எழுதிக் கொடுத்தது நான்தான். தப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"சரி. கேட்டாச்சு."

அவன் போகவில்லை. "வெளிய எல்லாரும் என்னைத்தான் பேசிக்கறாங்க. அகில்பெக் எனக்கும் தலைப்பச் சொல்லியிருப்பாராம். மாமியாருக்கும் நான் முன்னாடியே பாட்டுக் கட்டி வச்சிருந்தேனாம். நான் ஜெயிச்சத ஒருத்தர்கூட நம்பல."

ஷாயிர்குல் இன்ஜினை அணைத்தாள். வண்டிக்குள் இருபது பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.

"நான் எதிர்ல உக்காந்திருந்தேன்டா," என்றாள். "மூணாவது சுத்துல ரெண்டு எடத்துல திக்கின. கடைசிச் சுத்துல வார்த்தை கிடைக்காம அண்ணாந்து பாத்த. நெத்தியில வேர்வை ஊத்துச்சு. மனப்பாடம் பண்ணிட்டு வந்தவனுக்கு அப்படி வேர்க்காது. நீ ஜெயிச்ச. எவன் கேட்டாலும் தோத்தவ சொன்னான்னு சொல்லு."

ஜோல்போர்ஸ் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். ஏதோ சொல்ல வந்து, தும்மினான்.

ஷாயிர்குல் கதவைத் திறந்துவிட்டு, உள்பக்கம் திரும்பி உரத்த குரலில், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க எல்லாரும்," என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "ஏறு. வீடு எந்தப் பக்கம்?"